இரு நூல் வல்ல அம்மையார்

தமிழிலே நூல் என்னும் சொல் இருபொருள் உடையது. பஞ்சிலிருந்து திரிக்கப்படுவதும் நூல். புலவர் இயற்றுவதும் நூல். பனுவல் என்னும் சொல்லும் அத்தகையதே. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்திலே, சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கின்ற பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் வைத்து உருவகஞ் செய்துள்ளமை தமிழ் பயில்வோர் யாவரும் அறிந்தது. ஆயின், இச்சூத்திரத்தை வகுப்பிலே விளக்கும்போது, கதிர் என்பது யாது என்று மாணாக்கர் வினாவுகின்றனர். நெற்கதிரையும் ஞாயிற்றின் கதிரையும் அறிந்த அவர்கள், நூற்குங் கதிரைக் கண்டதில்லை. உவமானம் மறைந்துவிட்டமையால் உவமேயத்தை விளக்குதல் ஆசிரியனுக்கு அரிதாகின்றது.

இவ்விடர் நேரும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஓர் ஆங்கிலப் பெண்மணியார். தம் நாட்டிலே கைநூற்பும் கைநெசவும் அருகிப்போன காலத்தில், அவற்றைத் தம் இல்லத்திலே மீளத் தொடங்கி, பிறர்க்குங் கற்பித்து, அவற்றைப்பற்றிப் புத்தகங்களும் எழுதியவர் அவர். எதெல் மைரே என்பது அவர் பெயர். மேனாட்டுக் கைநெசவாளர் தம் முன்னோருள் ஒருவராகப் போற்றும் இவ்வம்மையார், ஈழநாட்டிலே சில ஆண்டுகள் வாழ்ந்து, இந்நாட்டுக் கைவினைஞரைக் கண்டு பயன்கொண்டவர். நம்மவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவியாரும் அவரே. குமாரசுவாமியைப் பேசும் நாம், அவருடன் இந்நாட்டுக் கிராமங்களிலே திரிந்த இவ்வம்மையாரைப் பெரும்பாலும் மறந்தே விடுகின்றோம்.

எதெல் 1872ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாகாணத்துப் பார்ன்ஸ்ரபிள் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் பாட்றிட்ஜ் மருந்து வணிகர். தாம்பிரம், இரும்பு, படிகாரம் முதலியவற்றின் குணங்களை ஆராய்ந்து சாயமிடும் தொழிலிற் பிற்காலத்து வல்லவராக விளங்கியவர், மருந்துக்கடைக்காரரின் மகளாய்ப் பிறந்தமை பொருத்தமான தொன்றே. எனினும் அவர் முதலிற் கற்றது இசை. பியானோ வாசித்தலிற் பயின்று, 1899இலே இலண்டன் றோயல் இசைக் கழகத்தின் தகுதி பெற்றார். பின்னர் இலண்டனிலும் ஜேர்மனியின் பொன் நகரிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு ஆசிரியையாக அமர்ந்தார். அக்காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கு எய்தக்கூடிய வாழ்க்கை ஏறக்குறைய அவ்வளவே.

1902இலே அவர் வாழ்வு திசை திரும்பிற்று. அவ்வாண்டிலே ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். குமாரசுவாமி அப்போது நிலவியல் பயின்ற இளைஞர். அம்மையாரினும் ஐந்து ஆண்டு இளையவர். சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாதுக்கும் 1877இலே கொழும்பிற் பிறந்து, தந்தையை இரண்டு வயதிலே இழந்து, இங்கிலாந்திலே வளர்ந்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதிக்கு அவர் தலைவராயிருந்தார். கணவருடன் அம்மையாரும் இங்கு வந்து வாழ்ந்தார்.

பாறைகளைத் தேடிச் சென்ற குமாரசுவாமி, கிராமந்தோறும் கைவினைஞரைக் கண்டார். அவர் உள்ளம் பாறையை விட்டுக் கலையின்பாற் சென்றது. இவ்வரலாறு பலரும் எழுதியது. எழுதாது விடப்பட்டது, அவரருகே நின்ற அம்மையார் செய்த தொண்டு. நிழற்படக் கருவியைக் கையாண்டு கைவினைஞரையும் அவர்தம் கருவிகளையும் செய்பொருள்களையும் படம் பிடித்தவர் அவரே. கண்டதைக் குறிப்பேடுகளிலே எழுதி வைத்தவரும் அவரே. சிங்கள மக்களின் பழைய சித்திரத் தையலை அவர் தனியே ஆராய்ந்து கட்டுரையும் வரைந்தார். 1908இலே வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் குமாரசுவாமியின் பெருநூலிலே உள்ள நிழற்படங்களுட் பல அம்மையார் எடுத்தவை. இன்று அக்கைவினைஞருள் ஒருவரும் இலர். அவர் செய்த பொருள்களும் பல அழிந்தன. அப்படங்களே சான்றாக எஞ்சின.

இந்நாட்டிலே அம்மையார் கண்டது யாது? கண்டி நாட்டுக் கிராமங்களிலே, அன்றாட வாழ்க்கைக்கு வேண்டும் பாயும், துணியும், கலமும், பெட்டியும் அழகுடையனவாகச் செய்யப்பட்டன. தும்பறைப் பகுதியிலே மருள் முதலிய செடிகளின் நாரை உரித்துச் சாயமிட்டுப் பாய் நெய்தனர். கண்டியரசு 1815இலே வீழ்ந்து, கைவினைஞரைப் புரந்த முறை தளர்ந்து, மேனாட்டு ஆலைத் துணி வந்து மலிந்த பின்னரும், அக்கலை சிலர் கைகளிலே உயிர் தாங்கி நின்றது. கலை என்பது செல்வர் மாளிகைச் சுவரிலே தொங்கும் ஓவியம் மாத்திரம் அன்று. வீட்டிலே, வேலையினூடே, உபயோகத்துக்கென்று பிறப்பது என்னும் உண்மையை அம்மையார் இங்கே கண்ணாரக் கண்டார். இங்கிலாந்திலே வில்லியம் மொறிஸ் போன்றோர் ஏட்டிலும் மேடையிலும் வற்புறுத்திய கொள்கை அது. இங்கே அது கொள்கையாக அன்றி வழக்கமாகவே இருந்தது.

1907இலே தம்பதியர் இங்கிலாந்துக்குத் திரும்பி, புறோட் காம்டன் என்னும் சிற்றூரிலே குடியேறினர். அங்கே பாழடைந்து கிடந்த பழைய நோர்மன் தேவாலயமொன்றை, கட்டடக் கலைஞர் ஆஷ்பீ அவர்க்கு வீடாகத் திருத்தி அமைத்துக் கொடுத்தார். அயலூராகிய சிப்பிங் காம்டனிலே ஆஷ்பீ நடத்திய கைவினைச் சங்கத்திலே எதெலின் சகோதரர் பிறெட் பாட்றிட்ஜ் அணிகலன் செய்பவராய் முன்னர்த் தொழில் புரிந்திருந்தார். மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட கைப்பொறி அக்காலத்திலே குமாரசுவாமியின் பொறுப்பில் இருந்தது. மேற்கூறிய பெருநூல் அவ்வில்லத்திலேயே அப்பொறியில் ஏறக்குறையப் பதினைந்து மாதம் உழைத்து 425 படிகளாக அச்சிடப்பட்டது. அச்சகமே வீட்டினுள் இருந்தபடியால், நூல் உருவாகும் வகையை அம்மையார் தாள் தாளாகக் கண்டிருப்பர். நூலின் மற்றைப் பொருளாகிய இழையை நாடி அவர் மனம் சென்றதும் அக்காலத்தையொட்டியே.

ஆயினும் அவ்வில்லறம் நிலைக்கவில்லை. குமாரசுவாமி வேறொரு துணையை நாடினார், மணவாழ்க்கை முறிந்தது. அதன் காரணங்களை ஆராய்தல் நம் நோக்கமன்று. நாற்பது வயதை அணுகும் பெண்ணொருத்தி, கணவனையும் இல்லத்தையும் பத்தாண்டு உழைத்த பணியிலே தனக்குள்ள பங்கையும் ஒருங்கே இழந்து நின்ற நிலையை மாத்திரம் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் எடுத்த படங்கள் கணவர் பெயராலே வெளிவந்த நூலிற் சேர்ந்துவிட்டன. அவர் கையிலே எஞ்சியது, கண்டும் கேட்டும் பெற்ற கைவினை அறிவு ஒன்றே. அதனைக் கைப்பற்றுக்கோடாகக் கொண்டு, பிறந்த ஊராகிய பார்ன்ஸ்ரபிளுக்கு மீண்டு, நெசவுக்கும் சாயத்துக்கும் இடம் வகுத்து ஒரு வீடு அமைத்துக்கொண்டார். சங்கச் செய்யுட்களிலே, துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நுண்ணிய நூல் நூற்று வாழ்ந்தமை பேசப்படுகின்றது. கடல் கடந்த நாட்டிலே, இருபதாம் நூற்றாண்டிலே, அந்நிலை மறுபடியும் நிகழ்ந்தது எனலாம்.

1913இலே அவர் பிலிப் மைரே என்பவரை மணந்தார். ஆஷ்பீயிடமும் குமாரசுவாமியிடமும் வரைபடத் தொழில் செய்தவர் பிலிப். அம்மையாரினும் பதினான்கு ஆண்டு இளையவர். பிற்காலத்திலே பத்திரிகாசிரியராய் விளங்கிய இவருக்கே, ரி. எஸ். எலியற் 1948இலே பண்பாட்டைப்பற்றி எழுதிய நூலை உரிமையாக்கினார். அவ்விருவரும் சேக்ஸ்பியர் பிறந்த ஸ்ராற்போட் நகரின் அயலிலே, கூரை வேய்ந்த வீடொன்றிற் சில காலம் வாழ்ந்தனர். அங்கிருந்தபோது, 1916இலே, தாவரச் சாயங்களைப்பற்றிய அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது.

அந்நூல் தோன்றிய சூழலை அறிந்தாலன்றி அதன் அருமை விளங்காது. 1856இலே பேர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் செய்தார். 1868இலே மஞ்சிட்டி வேரிலுள்ள செந்நிறப் பொருளை ஜேர்மன் விஞ்ஞானிகள் செயற்கையாகச் செய்தனர். 1897இலே செயற்கை அவுரி நீலம் சந்தைக்கு வந்தது. இவ்வாறு அரை நூற்றாண்டுக்குள்ளே, ஆயிரம் ஆண்டுகளாக வளர்ந்த சாயக்காரரின் அறிவு வேண்டாப் பொருளாயிற்று. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் காலத்திலே சாயவேர் அகழ்தல் அரசுக்கு வருவாய் தரும் பெருந்தொழிலாயிருந்தது. இன்று அச்செடியைக் காட்டவல்லார் நம்மூரிலே எத்துணைப் பேர்?

அம்மையாரின் நூல் இவ்வறிவு முற்றும் அழியுமுன் அதனைத் தொகுத்தது. கம்பளி, பட்டு, பருத்தி, சணல் என்பவற்றின் இயல்பு. சாயம் இழையைப் பற்றி நிற்கச் செய்யும் படிகாரம், அன்னபேதி முதலிய காரப்பொருள்கள். பாறைமேற் படரும் பாசிகள். நீலம், சிவப்பு, மஞ்சள், கபிலம், கறுப்பு, பச்சை என்னும் நிறங்களைப் பெறும் முறைகள் ஆகியவற்றை அது வகைப்படுத்திக் கூறுகின்றது. பழஞ்சுவடிகளிலிருந்து எடுத்ததோடு நில்லாது, தாமே கொதிகலனருகே நின்று தோய்த்துப் பார்த்தவரின் எழுத்து அது. ஒரே வேர் படிகாரத்தோடு சேர்ந்து ஒரு நிறமும் இரும்போடு சேர்ந்து வேறொரு நிறமும் தருதலை, பலகாற் செய்து பழகியவரே தெளிவாக எழுத இயலும்.

1918 அளவில் அவர்கள் சசெக்ஸ் மாகாணத்து டிச்லிங் என்னும் கிராமத்திற் குடியேறினர். எழுத்தோவியர் எட்வேட் ஜோன்ஸ்ரன், சிற்பி எரிக் கில் முதலிய கைவினைஞர் வாழ்ந்த ஊர் அது. அங்கே அம்மையார் கட்டுவித்த கொஸ்பல்ஸ் என்னும் வீடே, இறுதிவரை அவர்தம் இல்லமும் தொழிற்சாலையும் பள்ளியும் ஆயிற்று.

அவ்வீட்டிலே நடந்த தொழிலின் அடிப்படை நூற்பு. ஆட்டின் உடலிலிருந்து கத்தரித்த கம்பளி முழுவதும் ஒரு தன்மையது அன்று. தோட்பக்கத்து மயிர் மென்மையானது, பின்றொடை மயிர் முரடானது. முதலில் அவற்றைத் தரம் பிரித்தல் வேண்டும். பின்னர், கம்பிப்பல் பதித்த இரு பலகைகளுக்கிடையே வாரிச் சிக்கு நீக்கி, மெல்லிய பட்டைகளாகச் சுருட்டுவர். அப்பட்டையை இடக்கை இழுத்து நீட்ட, வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, கதிர் முனையிலே முறுக்கேறி நூல் பிறக்கும். முறுக்கு மிகுந்தால் நூல் வன்மை பெற்றுப் பாவுக்கு ஏற்றதாம். குறைந்தால் மென்மை பெற்று ஊடைக்கு ஏற்றதாம். முறுக்கு மிக மிஞ்சினால் நூல் தன்மேல் தானே சுருண்டு புரியும். மிகக் குறைந்தால் இழை பிரிந்து அறும். அளவறிந்து நிற்பது விரல்களின் அறிவு. அடுப்பு எரிய, வீட்டுப் பூனை நூற்பந்தை உருட்டி விளையாட, இல்லத்து வேலைகளினிடையே நடத்தற்குரிய தொழில்தான்; எனினும் ஆண்டுக்கணக்கிற் பழகினாலன்றிக் கைவராதது.

துணியின் தன்மை தறியிலே தீர்மானிக்கப்படுவதன்று, நூலிலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பது அம்மையாரின் கொள்கை. ஆகவே அவர் சிக்கலான சித்திர நெசவை விரும்பினாரல்லர். எளிய நெசவினாலே, நூலின் தடிப்பும் மென்மையும், தாவரச் சாயத்தின் ஆழமும் தாமே வெளிப்படுமாறு செய்தார். ஆலை நூல் ஒரே சீரானது; கைநூலிலோ நூற்றவரின் மூச்சும் விரலும் பட்ட சிறு வேறுபாடுகள் உள. அவை ஒளியை வெவ்வேறாக ஏற்றுத் துணிக்கு உயிர்ப்பைத் தருகின்றன. சொல்வளம் இல்லாதான் அணிகளை அடுக்கினாலும் செய்யுள் சிறவாமை போல, நூல் நன்றாகாதவழி நெசவின் சித்திரம் பயன்படாது என்பதை இலக்கியம் பயில்வோர் எளிதில் உணர்வர்.

இதே காலத்திலே இந்தியாவிற் காந்தியடிகள் இராட்டினத்தைக் கையிலெடுத்தார். 1927 நவம்பரிலே கதர்நிதி திரட்டுதற்கு அவர் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணமும் அடைந்தமை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அடிகளின் இராட்டினம் ஏழையின் வயிற்றையும் நாட்டின் விடுதலையையும் நோக்கிச் சுழன்றது. மைரே அம்மையாரின் சக்கரமோ, ஆலைகளால் நிறைந்து செல்வம் பெருகிய நாட்டிலே, பொருள் செய்யும் இன்பத்தைக் கைகள் இழந்துவிட்டமையை நோக்கிச் சுழன்றது. நோய்கள் வேறு, மருந்து ஏறக்குறைய ஒன்றே.

கொஸ்பல்ஸ் இல்லத்துக்குப் பல நாட்டிலிருந்தும் மாணாக்கர் வந்தனர். எலிசபெத் பீக்கொக் என்பார் அம்மையாரிடம் பயின்று, பின்னர் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். யப்பானிலிருந்து வந்த குயவர் ஹமாடா அவ்வில்லத்தைக் கண்டு மனம் ஈடுபட்டார். சுவிற்சலாந்திலே பிறந்த மரியான் ஸ்றோப் அங்கே கைநூற்பும் சாயமிடலும் கற்று, வேல்ஸ் நாட்டு ஆலைகளுக்குப் புதிய துணி வகைகளை வகுத்துக் கொடுத்தார். பின்னொரு காலத்திலே இலண்டன் சுரங்கப் புகையிரதங்களின் இருக்கைத் துணியையும் அவர் வகுத்தார். வைத்தியத் தொழில் கற்றிருந்த பீற்றர் கொலிங்வூட், 1950இலே முதுமையெய்திய அம்மையாரிடம் வந்து தொழில் பழகி, பின்னர் உலகறிந்த விரிப்பு நெசவாளரானார்.

அம்மையார் பழைமையைப் போற்றினாரெனினும் பழைமைக்கு அடிமையாயினாரல்லர். தொடக்கத்திலே கைநூலையும் தாவரச் சாயத்தையும் இறுகப் பற்றியவர், 1930ஆம் ஆண்டுகளிலே ஆலை நூலையும் கைநூலோடு கலந்து நெய்யலானார். புதிய செயற்கை இழைகளையும் பரிசோதித்தார். இதனைக் கொள்கை நழுவல் என்று சிலர் கருதக்கூடும். அம்மையார் நோக்கோ வேறு: பொறியை உலகிலிருந்து நீக்கல் இயலாது, ஆதலால் பொறிக்கு வழிகாட்டத் தக்க அறிவைக் கைநெசவாளன் காத்து வளர்த்தல் வேண்டும். ஆலை ஆயிரம் முழம் நெய்யுமுன், ஒரு முழத்தைக் கையால் நெய்து குணங்கண்டு சொல்பவன் அவன். கைநெசவின் இன்றைய நிலையைப்பற்றி 1939இலே அவர் எழுதிய நூல் இக்கருத்தை விரித்துரைக்கின்றது. கைத்தொழில் வடிவமைப்பாளர்க்கென 1936இலே இங்கிலாந்திற் கலைக்கழகம் ஒன்று ஏற்படுத்திய உயர்ந்த பட்டத்தை, சில ஆண்டுகளுக்குள்ளேயே முதன்முதற் பெற்ற பெண்மணி இவரே. கைத்தறிக்காரிக்கு ஆலைத்தொழிலின் பெருமைப் பட்டம் கிடைத்தமை அவர் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி எனலாம்.

1939 முதல் 1947 வரை பிறைற்றன் கலைக் கல்லூரியிலே அவர் ஆசிரியராகவும் கடமையாற்றினார். கைநெசவும் கல்வியும் என்னும் பொருள்பற்றி 1942இலே, உலகப் போரினிடையே, ஒரு நூல் வெளியிட்டார். பாடசாலையிலே கைப்பணி என்பது, மந்த மாணாக்கரைப் பொழுதுபோக்கச் செய்யும் வழியாகக் கருதப்படும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. நம் நாட்டிலும் இல்லாமலில்லை. அம்மையாரோ, நூலையும் நிறத்தையும் கையாளுதல் கண்ணுக்கும் கைக்கும் கருத்துக்கும் ஒருங்கே பயிற்சி தருவதென்று கொண்டவர். பிறர் வகுத்த கோலத்தை எண்ணியெண்ணி நெய்வித்தலினும், பொருளின் இயல்பை மாணாக்கர் தாமே கண்டறியச் செய்தலையே அவர் பெரிதாக மதித்தார். ஆசிரியத் தொழில் செய்வோர் சிந்தித்தற்குரிய கருத்து இது.

1952இலே, தமது எண்பதாம் வயதிலே, டிச்லிங் இல்லத்தில் அம்மையார் காலமானார். ஐந்து ஆண்டுகளின் முன், 1947இலே, குமாரசுவாமி அமெரிக்காவில் மறைந்திருந்தார். அம்மையார் நெய்த துணிகளும் நூல் மாதிரிகளும் இங்கிலாந்தின் காட்சிச் சாலைகளிலே பேணப்படுகின்றன. தாவரச் சாய நூலும் மீண்டும் மீண்டும் அச்சேறி, இன்றும் வீட்டிலே நூல் நூற்று நிறந்தீட்டும் பலர்க்குத் துணையாகின்றது.

குமாரசுவாமி நம் நாட்டுக் கலையை உலகுக்கு எழுத்தால் உணர்த்தினார். எதெல் அம்மையார், இங்கே கண்ட உண்மையைத் தம் விரல்களிலே ஏற்றி, தம் வாழ்வு குலைந்த காலத்து அதனையே ஊன்றுகோலாகக் கொண்டு, தம் நாட்டிலே விதைத்தார். எழுதியவரை நாம் நினைவு கூர்கின்றோம்; அது தக்கதே. செய்தவரையும் நினைவு கூர்தல் நம் கடன். அதற்கு விழாவும் சிலையும் வேண்டுவதில்லை. அடுத்த முறை நன்னூற் பாயிரம் கற்பிக்கும் ஆசிரியர், சிறிது பஞ்சும், கோலொன்றின் அடியிலே மட்பாண்டத்து ஓட்டை வட்டமாகத் தேய்த்துக் கோத்த கதிரொன்றும் வகுப்புக்குக் கொண்டு செல்வாராக. ஒரு மாணாக்கன் அதனைச் சுழற்றி, ஒரு முழ நூல் அறாது திரித்துவிடுவானாயின், பவணந்தியார் சொன்ன உருவகத்துக்கு வேறு உரை வேண்டியதில்லை.